செக் வந்த கதை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு செக் திரும்பி வந்தது.

அப்பா ஈரோட்டுப் பக்கம் நாலு விசைத்தறி வைத்துக் கட்டம் போட்ட லுங்கி ஓட்டுகிறார். சரக்கு எடுத்த ஒரு பார்ட்டி 1,84,000 ரூபாய்க்கு செக் கொடுத்திருந்தார். பேங்கில் போட்டோம். நான்காம் நாள் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்துவிட்டது. காரணம் என்ற இடத்தில், கணக்கில் போதிய பணம் இல்லை என்று இருந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, "போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை அவங்ககிட்டக் கேட்டு செக் பண்ணியிருக்கலாமுங்க" என்றார். மூலையில் புது செக் டிசைன் லுங்கிக் கட்டு கிடந்தது. இது எதுவும் தெரியாமல் செல்போனில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த என் தம்பி "செக்!" என்று கத்தினான். அப்பா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பாவம், அவன் ஆட்டத்தை அப்படியே மூடி வைத்துவிட்டான்.

ஒரே நிமிஷத்தில் நாலு செக். பணம் தரும் செக், சரிபார்க்கும் செக், துணியில் இருக்கும் செக், ராஜாவுக்கு வைக்கும் செக். நான் பி.காம் இரண்டாம் வருஷம் முடித்தவன். காசோலை என்றால் என்ன, அது எத்தனை வகை, குறுக்குக்கோடு போட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு ஏன் செக் என்று பெயர் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டதில்லை. தூக்கம் வராத அந்த ராத்திரியில் தேட ஆரம்பித்தேன். கிடைத்த கதை நான் நினைத்ததைவிடப் பெரியது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாம் உறவாகிவிடாது. நம் ஊர் எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் இந்த செக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஐரோப்பாவில் இருக்கிற செக் குடியரசுக்கும் கிடையாது. அது அங்கே வாழும் மக்களின் பெயர். ஆனால் எங்கள் கூடத்தில் அன்றைக்கு ஒலித்த நாலு செக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்ச்சொல்லுக்குப் பொருள், ராஜா!

ராஜா வருகிறார்

சதுரங்கம் பிறந்தது இந்தியாவில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் விஷயம். சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. காலாள், குதிரை, யானை, தேர் என்று நால்வகைப் படையைக் குறிக்கும் பெயர். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டில் இந்த ஆட்டம் இங்கிருந்து பாரசீகத்துக்குப் போனது. அவர்கள் வாயில் அது சத்ரங் ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரேபியர் பாரசீகத்தைப் பிடித்தபோது ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஷத்ரஞ்ச்.

பாரசீக மொழியில் ராஜாவுக்கு ஷா என்று பெயர். ஈரானின் கடைசி மன்னரைக்கூட 1979 வரை ஷா என்றுதானே அழைத்தார்கள், அதே ஷா. இந்தச் சொல்லின் வேருக்கு ஆளுதல் என்று பொருள். சமஸ்கிருதத்தில் க்ஷத்திரியன் என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வரும்போது "ஷா!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்ற எச்சரிக்கை அது. சத்தமில்லாமல் ராஜாவை அடித்துவிட்டுப் போவது ஆட்டத்தில் மரியாதை இல்லை.

ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை என்றால் "ஷா மாத்". அரபு மொழியில் மாத் என்றால் செத்தான் என்று பொருள் வருவதால், "ராஜா செத்தார்" என்றே பல புத்தகங்களில் எழுதியிருக்கும். ஆனால் பாரசீகத்தில் அதற்கு வழியற்றுத் திகைத்து நிற்பவன் என்ற பொருள் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லையே! நகர முடியாமல் நிற்பார், அதோடு ஆட்டம் முடிந்துவிடும்.

அரேபியர் வழியாக, ஸ்பெயினிலும் இத்தாலிப் பக்கமும் புகுந்து, கி.பி. 1000ஐ ஒட்டி ஆட்டம் ஐரோப்பாவுக்குள் பரவியது. ஷா என்ற சொல் லத்தீனில் ஸ்காக்கஸ் என்றும், பழைய பிரெஞ்சில் எஷெக் என்றும் உருமாறியது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனபோது முன்னால் இருந்த எகரம் உதிர்ந்து செக் ஆனது. அதன் பன்மைதான் செஸ்! ஆக, செஸ் என்ற ஆட்டத்தின் பெயரும், செக் என்ற எச்சரிக்கையும் ஒரே சொல்லின் பன்மையும் ஒருமையும்தான். செஸ் என்றால் நேர்ப்பொருள், ராஜாக்கள்.

கட்டம் போட்ட மேஜை

அது சரி, ஆட்டத்தில் இருந்த சொல் பேங்குக்குள் எப்படி நுழைந்தது? நான் படித்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அவருடைய மகன் முதலாம் ஹென்றி 1100 முதல் 1135 வரை ஆண்டார். அவர் காலத்தில் அரசாங்கக் கணக்கு பார்க்க ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரிஃப் என்று ஓர் அதிகாரி இருப்பார். ராஜாவுக்குச் சேர வேண்டிய வருமானத்தை வசூலிப்பது அவர் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் சமயத்திலும், அவர் வந்து கணக்கு காட்ட வேண்டும்.

கணக்கு பார்த்தது ஒரு மேஜையின் மேல். ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் இரண்டாம் ஹென்றியின் கஜானா அதிகாரி. அவர் 1170களில் இந்த அலுவலகம் எப்படி நடக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குருவும் சீடனும் பேசிக்கொள்வது போல, கேள்வி பதிலாக இருக்கும். மேஜை சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காய்கள் கீழே விழாமல் இருக்க ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட ஒரு கறுப்புத் துணி. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால், பலகைக்கு என்ன பெயரோ அதையே அந்த அலுவலகத்துக்கும் வைத்துவிட்டார்கள். பழைய பிரெஞ்சில் எஷெக்கியே, ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர். இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் பெயர். அதாவது சதுரங்கப் பலகைக்கு அமைச்சர்!

கணக்குப் பார்க்க எதற்குக் கட்டம் போட்ட துணி? அப்போது அவர்களிடம் பூஜ்யம் கிடையாது. ரோமன் எண்தான். 388 என்று எழுத ரோமன் எண்ணில் பதினொரு எழுத்து வேண்டும். அதை இன்னொரு எண்ணோடு தாளில் கூட்டிப் பாருங்கள், தலை சுற்றிவிடும். அதனால் துணியில் பத்திகள் பிரித்தார்கள். வலது ஓரம் பென்னி, அடுத்தது ஷில்லிங், அடுத்தது பவுண்டு, அப்புறம் இருபது, நூறு, ஆயிரம் என்று போகும். ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரிசையில் காய் வைப்பார்கள். அவர் கட்டிய தொகைக்கு அதன் கீழே இன்னொரு வரிசை. மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் பாக்கி தெரிந்துவிடும். லத்தீன் படிக்கத் தெரியாத ஷெரிஃப்கூட தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிட்ஸ்நீலே இதைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுகிறார். அங்கே ராஜாக்கள் மோதுகிறார்கள், இங்கே கஜானா அதிகாரியும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்கிறார். எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆடிட்! கணக்கு முடிகிறவரை ஷெரிஃபுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே யோசித்துப் பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. சதுரங்கமும் பூஜ்யமும் இரண்டுமே இந்தியாவிலிருந்து அரேபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனவை. ஆனால் சதுரங்கம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்திய எண்முறையை வியாபாரிகளுக்கு விளக்கி இத்தாலியைச் சேர்ந்த ஃபிபோனாச்சி புத்தகம் எழுதியது 1202இல். இங்கிலாந்தின் கட்டம் போட்ட மேஜை அதற்குள் நூறு வயதை நெருங்கிவிட்டது. பூஜ்யம் முந்திக்கொண்டு போயிருந்தால் மேஜைக்கே வேலை இருந்திருக்காது. காசோலைக்கும் வேறு ஏதாவது பெயர் வந்திருக்கும்.

லுங்கிக்கு வந்த செக்கும் இந்தப் பலகையிலிருந்துதான். பலகையின் பெயர் செக்கர் என்று சுருங்கி, அதைப் போல் கட்டம் கட்டமாக இருப்பதற்கெல்லாம் பெயராகி, பிறகு இன்னும் சுருங்கி செக் ஆனது. அப்பா தறியில் பாவில் இரண்டு நிறம், ஊடையில் இரண்டு நிறம் மாற்றி மாற்றி ஓட்டி எடுக்கும் கட்டம், ஒருவகையில் பாரசீக ராஜாவின் பெயர். நம் ஊர்க் கட்டத்துணி கப்பலேறிப் போய் உலகம் முழுக்க மெட்ராஸ் செக் என்று பெயர் வாங்கியது. அதில் மெட்ராஸ் நம்முடையது. செக் என்பதும் பாதி நம்முடையதுதான்.

பிளந்த குச்சி

எக்ஸ்செக்கரில் பணம் கட்டினால் ரசீது வேண்டுமே? காகிதம் கிடையாது, தோல் விலை அதிகம். அதனால் குச்சியில் வெட்டுப் போட்டார்கள். நன்றாக நேராகப் பிளக்கக்கூடிய மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கொடுத்தவருக்கு, மறு பாதி வாங்கியவருக்கு. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஒரு பக்கம் திருட்டுத்தனமாக வெட்டைக் கூட்டியிருந்தால் பொருந்தாது. மரத்தின் ரேகையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் கொடுத்தவர் கையில் இருக்கும் பெரிய பாதிக்கு ஸ்டாக் என்று பெயர். மரத்தண்டு, கட்டை என்று அர்த்தம். மற்ற பாதிக்கு ஃபாயில். அது இலை என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செக் புத்தகத்தில் கிழித்த பிறகு நம்மிடம் மிஞ்சுவதைக் கவுன்டர்ஃபாயில் என்கிறோம் இல்லையா? எதிர் இலை!

இதைப் படித்தபோது நம் தமிழ்ச் சொற்கள் ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். செக்குக்கு நாம் வைத்த பெயர் காசோலை. காசு + ஓலை. ஓலையும் ஓர் இலைதான். கவுன்டர்ஃபாயிலுக்கு நாம் சொல்வது அடிக்கட்டை. கட்டை! லண்டனில் குச்சியைப் பிளந்தவனும், தமிழில் இந்தச் சொற்களை உருவாக்கியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர்களும் மரத்தைத்தான் நினைத்தார்கள், நாமும் மரத்தைத்தான் நினைத்தோம். இது ஒட்டுறவு இல்லை, தற்செயல்தான். ஆனால் கடன் வாங்கிய சாட்சியை மனிதன் ஒரு காலத்தில் மரத்திலும் எழுதி வைத்தான் என்பதை இரண்டு மொழியும் மறக்கவில்லை.

அந்தக் குச்சிகளின் முடிவும் ஒரு தனிக் கதை. 1826 வரை அவை புழக்கத்தில் இருந்தன. அப்புறம் பயன் இல்லாமல் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபர் 16ஆம் தேதி, பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த அடுப்பில் வண்டி வண்டியாகப் போட்டு எரித்தார்கள். வெப்பம் தாங்காமல் புகைபோக்கி வழியே தீ பிடித்து, அன்று ராத்திரியே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும் எரிந்து போயின. இப்போது நாம் படத்தில் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது. ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது என்று எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் பின்னால் ஒரு கூட்டத்தில் கிண்டலடித்தார்.

நிறுத்துவதிலிருந்து சரிபார்ப்பதற்கு

இப்போது மறுபடியும் சதுரங்கப் பலகைக்கு வருவோம். ராஜாவுக்கு செக் வைத்தால் என்ன ஆகும்? எதிராளி வேறு எந்தத் திட்டம் போட்டிருந்தாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் செக் என்ற சொல்லுக்குச் சட்டென்று தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் வந்தது. அதிலிருந்து, அளவு மீறாமல் அடக்கி வைத்தல். அரசியல் சட்டப் பாடத்தில் ஓர் அதிகார அமைப்பு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் செக்போஸ்ட்டும் வண்டியை நிறுத்துகிற இடம்தானே.

தவறு நடக்காமல் தடுக்க வேண்டும் என்றால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்படி 17ஆம் நூற்றாண்டு வாக்கில் சரிபார்த்தல் என்ற பொருள் வந்து சேர்ந்தது. அம்மா சொன்ன செக் இதுதான். அதற்கப்புறம் சொல் இஷ்டத்துக்குக் கிளை விட்டது. சரிபார்த்து அடையாளம் போடும் டிக் குறிக்கு அமெரிக்காவில் செக் என்று பெயர். பெட்டியைக் கொடுத்துவிட்டு வாங்கும் சீட்டு செக். ஹோட்டல் பில் செக். ஓட்டலில் அறை எடுத்தால் செக்-இன். காய்ந்த மரத்தில் விழும் வெடிப்புக்குக்கூட ஆங்கிலத்தில் செக் என்று ஒரு பெயர் உண்டு.

பணத்தாளுக்கு வருவோம். வங்கிக்காரருக்கு, "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்று கைப்பட எழுதிக் கொடுக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே இருந்தது. 400 பவுண்டுக்கு எழுதிய, 1659 என்று தேதியிட்ட தாள் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்கு செக் என்று பெயர் இல்லை. அந்தப் பெயர் முதலில் வந்தது தாளுக்கு அல்ல, அடிக்கட்டைக்கு! 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளத்தாள் வராமல் தடுக்க, பூவேலை போட்ட ஒரு பட்டையை நடுவில் அச்சடித்து, அதன் குறுக்கே வெட்டினார்கள். ஒரு பாதி தாளோடு போகும், மறு பாதி வங்கியில் இருக்கும். தாள் திரும்பி வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பழைய பிளந்த குச்சியின் வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது. ஏமாற்றைத் தடுத்து நிறுத்துவதால் அந்த அடிக்கட்டைக்கு செக் என்று பெயர் வந்தது. நாளாவட்டத்தில் பெயர் அடிக்கட்டையை விட்டுத் தாளுக்குத் தாவிவிட்டது.

இங்கிலாந்தில் எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து, பணத்தாளுக்கு மட்டும் தனி எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டார்கள். நாமும் அதைத்தான் எழுதுகிறோம். அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள். பரீட்சைத் தாளில் அமெரிக்க முறையில் எழுதி நான் அரை மார்க் இழந்திருக்கிறேன். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் பழைய எழுத்துக்கூட்டல் அவர்களுடையதுதான்!

ராஜா கொடுத்த செக்கும் திரும்பியது

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "ராஜாவே கணக்கு வெச்சிருந்த எடத்துல யாரும் ஏமாந்ததில்லையா கண்ணு?"

ஏமாந்தார்கள். 1672 ஜனவரியில், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், டச்சுக்காரர்களோடு போர் தொடுக்கப் பணம் இல்லாமல், எக்ஸ்செக்கரிலிருந்து கடன்காரர்களுக்குப் போக வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார். வரலாற்றில் இதற்குப் பெயரே எக்ஸ்செக்கர் நிறுத்தம். அரசருக்குக் கடன் கொடுத்தவர்கள் லண்டன் பொற்கொல்லர்கள். அந்தக் காலத்து வங்கிக்காரர்கள் அவர்கள்தான். அவர்கள் கொடுத்ததோ தங்கள் பணம் மட்டும் இல்லை, அவர்களை நம்பி ஊர் மக்கள் போட்டு வைத்த பணமும்தான். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் மாட்டிக்கொண்டது. பெரிய வங்கிக்காரர்கள் சிலர் எழுந்திருக்கவே இல்லை. வழக்கு அந்த நூற்றாண்டு முடியும்வரை இழுத்தது.

ராஜா நிறுத்தினால் பொற்கொல்லர் விழுவார். பொற்கொல்லர் விழுந்தால் அவரிடம் பணம் போட்ட விதவையும் கடைக்காரரும் விழுவார்கள். எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான். பார்ட்டியின் செக் திரும்பினால் நூல் கடைக்கு அப்பா கொடுத்திருக்கும் செக் ஆபத்தில். அது திரும்பினால் அப்பாவின் பெயர் ஆபத்தில். அவருடைய சம்பாத்தியத்தில் தறியைவிட மதிப்பானது அந்தப் பெயர்தான். அம்மாவின் வளையல் இரண்டு அடமானத்துக்குப் போய், நூல் கடைக் கணக்கு நேரத்துக்குத் தீர்ந்தது. எனக்கு இந்த வருஷம் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று இன்னும் யாரும் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நான் பாடப் புத்தகத்தை எடுத்தேன். இந்தியாவில் காசோலைக்கு அடிப்படை, 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேல், செக் திரும்பினால் அது வெறும் கடன் தகராறாகத்தான் இருந்தது. 1988இல் திருத்தம் கொண்டுவந்து, 1989 ஏப்ரல் 1 முதல் 138ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம் ஆனது. இப்போதைய நிலையில் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் உடனே கோர்ட்டுக்கு ஓட முடியாது. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. கொடுக்காவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். நாளைத் தவறவிட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டு கோர்ட்டில் நிற்க வேண்டும்.

அப்பா நோட்டீஸ் அனுப்பச் சம்மதிக்கவே இல்லை. "பதினஞ்சு வருசப் பழக்கம் கண்ணு. அவருக்கும் எங்கியோ மாட்டியிருக்கும். வக்கீல் நோட்டீஸ் போனா மூஞ்சீல எப்படி முழிக்கறது?" என்றார். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபது ஆயிற்று, இருபத்திரண்டு ஆயிற்று. பார்ட்டி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி தம்பியின் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். ராஜாவுக்கு எதிரே ஒரு தேரை நிறுத்தினேன்.

"இப்ப என்னங்கப்பா சொல்லணும்?"

"செக்னு சொல்லணும்."

"சொன்னா ராஜாவ வெட்டிட்டோம்னு அர்த்தமுங்களா?"

"இல்ல. நகத்திக்கோன்னு அர்த்தம்."

"நோட்டீசும் அதுதானுங்கப்பா. பதினஞ்சு நாள் இருக்குது, நகத்திக்கோங்கனு சொல்றது. சொல்லாம இருந்தா அவரைக் காப்பாத்துன மாதிரி ஆகாது. நம்ம ராஜாதான் மாட்டிக்குவாரு."

அப்பா ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேரை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே, "காலைல வக்கீல் ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு சொல் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. ராஜாவாகப் பாரசீகத்தில் பெயர் வாங்கி, எச்சரிக்கையாகி, பலகையாகி, மேஜையாகி, கட்டத்துணியாகி, தடுப்பாகி, சோதனையாகி, கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பொருளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எதிரே இருப்பவரைக் கண்ணைப் பார்த்து, நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுவது. இதைப் பத்து மார்க் விடையில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டை வந்துவிட்டது. இன்று ஒன்பதாம் நாள். அப்பா தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன் அடிக்கும்போதெல்லாம் தறியை நிறுத்திவிட்டு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நகர்த்த வேண்டியது அவர்.